பழகிய முகங்களின் ஒளியியல்

ஒரு மனிதரின் முகத்தைப் படமாக்குவதில், தொழில்முறை ஒளிப்படக்காரருக்கு இல்லாத ஓர் அனுகூலம் அவருடைய வீட்டாருக்கும் அயலாருக்கும் வாய்த்திருக்கிறது. விலையுயர்ந்த கமெராவாலும் தேர்ந்த வில்லையாலும் ஈடுசெய்ய முடியாத அந்த அனுகூலம், அந்த முகத்தோடு அவர்களுக்குள்ள நெடுங்காலப் பழக்கமாகும். பாசத்தினால் சொல்லப்படும் வார்த்தையாக இது தோன்றக்கூடுமாயினும், மனிதர் முகங்களை எவ்வாறு அடையாளம் காண்கின்றனர் என்பது பற்றிய ஆய்வுகள் இதனை அளந்தே காட்டியிருக்கின்றன. ஒளி, தூரம், நேரம் ஆகியவற்றின் பௌதிகவியலும் இதற்குத் துணைநிற்கிறது. கைத்தொலைபேசியால் தாயையும் அம்மம்மாவையும் பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் முற்றத்து ஆட்டையும் படமெடுக்கும் ஒருவர் உண்மையில் என்ன செய்கிறார் என்பதை இந்த அத்தியாயம் ஆராய்கிறது.

கிழக்கிலங்கையின் அம்பாறைக் கரையோரம் இத்தகைய ஆராய்ச்சிக்கு மிகப் பொருத்தமான இடம். கல்முனையிலிருந்து காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, தம்பிலுவில் வழியாகத் திருக்கோவில் வரை கடலோரமாக அடுத்தடுத்து அமைந்துள்ள தமிழ், முஸ்லிம் ஊர்களில் குடி என்னும் தாய்வழி மரபு இரு சமூகத்தாரிடையேயும் நெடுங்காலமாக நிலவிவருகிறது. மகளுக்கு வீடு கொடுத்துக் கலியாணம் முடித்துவைக்கும் வழக்கத்தினால், சகோதரிகளின் வீடுகள் பெரும்பாலும் ஒரே வளவிலோ அடுத்தடுத்த வளவுகளிலோ அமைகின்றன. அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே 1969 தொடக்கம் அக்கரைப்பற்றை மையமாகக் கொண்டு செய்த களஆய்வுகள் இந்த அமைப்பை விரிவாகப் பதிவுசெய்துள்ளன. வேறு பல ஊர்களில் குடும்பத்தார் என்றும் அயலார் என்றும் இரு வகையாகப் பிரியும் மனிதர்கள் இங்கே பெரும்பாலும் ஒரே மனிதர்களாக இருக்கின்றனர். பெரியம்மாவின் முகத்தை வேலிக்கு அப்பாலிருந்தும் அடுப்படியிலிருந்தும் நோய்ப் படுக்கையருகிலிருந்தும் இருபது ஆண்டுகள் பார்த்து வளர்ந்த ஒரு பிள்ளையிடம், அந்த முகத்தைப் பற்றிய அறிவு எந்த ஸ்டூடியோவிலும் சேர்த்துவைக்க முடியாத அளவுக்குச் சேர்ந்திருக்கிறது.

அந்த அறிவு எத்தகையது என்பதை ரொப் ஜென்கின்ஸ், மைக் பேர்ட்டன் முதலிய ஆய்வாளர்கள் 2011ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒரு பரிசோதனை தெளிவுபடுத்துகிறது. நெதர்லாந்தில் எல்லோருக்கும் தெரிந்த, ஆனால் பிரித்தானியாவில் அறியப்படாத இரண்டு பெண்களின் படங்கள் ஆளுக்கு இருபதாக நாற்பது அட்டைகளில் அச்சிடப்பட்டு, ஒரே ஆளின் படங்களை ஒரே கட்டாக அடுக்கும்படி பங்கேற்றோரிடம் கொடுக்கப்பட்டன. அந்தப் பெண்களை அறியாத பிரித்தானியர்கள், இருப்பது இரண்டே பேர் என்பதை உணராமல், ஏழு எட்டுப் பேர் இருப்பதாகக் கருதிக் கட்டுகளைப் பிரித்தனர். சிலர் பத்துக்கும் மேற்பட்ட ஆட்களைக் கண்டனர். அவர்களை ஏற்கெனவே அறிந்த நெதர்லாந்தினரோ ஏறத்தாழத் தவறின்றி இரண்டு கட்டுகளாக அடுக்கினர். ஒரே முகம் ஒளிக்கும் கோணத்துக்கும் உணர்ச்சிக்கும் ஏற்ப எடுக்கும் தோற்றங்களின் வேறுபாடு, இரு வெவ்வேறு முகங்களுக்கிடையிலான வேறுபாட்டைக்கூட விஞ்சிவிடலாம் என்பதே இதிலிருந்து பெறப்படுகிறது.

ஆகவே ஒரு படம் அந்த ஆளைப் போல இருக்கிறதா என்ற கேள்விக்குப் படத்தை மட்டும் வைத்துக்கொண்டு விடை சொல்ல முடியாது. ஒரே பிற்பகலில் எடுக்கப்பட்ட நூறு படங்களும் பௌதிகவியலின்படி சமமான உண்மையுடையவை; அவற்றுள் எது அந்த மனிதரின் தோற்றம் என்பதைத் தீர்மானிக்க, அவர் எடுக்கக்கூடிய தோற்றங்களின் முழு எல்லையையும் அறிந்த ஒருவர் தேவைப்படுகிறார். ஸ்டூடியோக்காரர் பத்து நிமிடப் பழக்கத்தில் செய்யும் இந்தத் தெரிவை, ஒரு மகளோ பேரனோ பல ஆண்டுப் பழக்கத்தோடு செய்கிறார். படமெடுக்கும் திறமையில் பாதி, எடுத்த படங்களுள் எதை வைத்துக்கொள்வது என்பதில் இருப்பதனால், இந்த அனுகூலம் சிறியதன்று.

இருந்தும் படத்திலுள்ளவரே அதனை ஏற்க மறுப்பது எல்லா வீடுகளிலும் காணப்படும் நிகழ்வாகும். 1977ஆம் ஆண்டில் மீற்றா, டேர்மர், நைற் ஆகிய மூன்று உளவியலாளர்கள் இதற்கு அழகான விளக்கம் ஒன்றைக் கண்டனர். ஒருவர் தம் முகத்தைக் கண்ணாடியில் இடம்வலம் மாறியே பார்த்துப் பழகியிருப்பதால், ஒரே படத்தின் நேரான அச்சையும் மாறிய அச்சையும் காட்டிக் கேட்டபோது, படத்துக்குரியவர்கள் மாறியதையும் அவர்களுடைய நண்பர்கள் நேரானதையும் விரும்பித் தெரிந்தனர். அதிகம் பார்த்ததையே மனம் விரும்புகிறது என்ற இந்தப் பொதுவிதியின்படி, நெற்றியில் ஒரு பக்கமாக விழும் முடியும் சற்றே உயர்ந்த ஒரு புருவமும் அம்மம்மாவுக்குத் தவறான பக்கத்தில் இருப்பதாகத் தோன்றுகையில், பேரப்பிள்ளைகள் அதே படத்தில் அவரைச் சரியாக அடையாளம் காண்கின்றனர். இந்த வழக்கில் இரு தரப்பாரும் உண்மையே சொல்கின்றனர்.

தம்மைச் சூழ்ந்திருந்தவர்களையே படமெடுத்து உலகப் புகழ் பெற்றவர்களுள் முதன்மையானவர் ஜூலியா மார்கரெட் கமரூன். 1815இல் கல்கத்தாவில் பிறந்த இவர், நாற்பத்தெட்டாவது வயதில், 1863இன் இறுதியில், மகளும் மருமகனும் பரிசாகக் கொடுத்த ஒரு கமெராவோடு இந்தக் கலையில் இறங்கினார். இலங்கை வரலாற்றைப் பாடசாலையில் படித்த எவருக்கும் இவருடைய கணவரின் பெயர் அந்நியமானதன்று. 1833ஆம் ஆண்டு அரசியற் சீர்திருத்தத்துக்கு வழிவகுத்த கோல்புறூக்–கமரூன் ஆணைக்குழுவின் சார்ள்ஸ் ஹே கமரூனே அவர். இங்கிலாந்தின் வைற் தீவிலிருந்த அவர்களுடைய வீடுகூட, இலங்கையில் அவர்களுக்கிருந்த தோட்டத்தின் பெயரால் டிம்போலா என்று அழைக்கப்பட்டது. அந்த வீட்டின் நிலக்கரி அறையை இருட்டறையாகவும் கோழிக்கூட்டைக் கண்ணாடிக் கூரையுள்ள படப்பிடிப்பிடமாகவும் மாற்றிக்கொண்ட அம்மையார், வேலைக்காரப் பெண்களையும் மருமக்களையும் தபாற்காரரையும் அயலிலிருந்த கவிஞர் டெனிசனையும் ஒரே கண்டிப்போடு அமர்த்திப் படமெடுத்தார். 1868இல் விடுமுறைக்கு வந்த சார்ள்ஸ் டார்வினும் அவர் முன் அமர்ந்தார்.

அவர் பயன்படுத்திய ஈரக் கொலோடியன் முறை, 1851இல் பிரெடெரிக் ஸ்கொட் ஆர்ச்சர் அறிமுகப்படுத்தியதாகும். ஈதரிலும் மதுசாரத்திலும் கரைத்த கொலோடியன் என்னும் பசைப்பொருளைக் கண்ணாடித் தகட்டில் ஊற்றிப் படரவிட்டு, வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் தோய்த்து, ஈரம் காய்வதற்குள் படமெடுத்து உருத்துலக்கி முடிக்க வேண்டும். அவருடைய கூடத்து மென்னொளியில் ஒரு படத்துக்கு மூன்று முதல் ஏழு நிமிடங்கள் வரை ஒளி விழவேண்டியிருந்தது. இன்றைய கைத்தொலைபேசி செக்கனில் நூறிலொரு பங்கில் செய்வதை, அந்தத் தகடு அதைவிட முப்பதாயிரம் மடங்கு நேரம் எடுத்துச் செய்தது. அத்தனை நேரமும் ஒரு புன்னகையை முகத்தில் நிறுத்திவைக்க எவராலும் இயலாது. உண்மையான புன்னகையில் வாயோரத்தை உயர்த்தும் தசையோடு கண்ணைச் சூழ்ந்த தசையும் சுருங்குகிறது என்பதையும், இந்த இரண்டாவது தசை விருப்பத்துக்கு எளிதில் கட்டுப்படாது என்பதையும் பிரெஞ்சு வைத்தியர் டுஷென் 1862இலேயே ஒளிப்படங்களின் துணையோடு விளக்கியிருந்தார். ஆகவே கமரூன் அம்மையாரின் படங்களில் சிரிப்பைக் காண்பது அரிது. படத்துக்கென்று வரவழைத்த பாவங்கள் எல்லாம் சில செக்கன்களில் தளர்ந்துவிட, அதன்பின் எஞ்சிய முகமே தகட்டில் தேங்கியது. ஒரு கணத்தின் முகமாக அன்றிப் பல நிமிடங்களின் கூட்டுத்தொகையாக இருப்பதனாலேயே அந்தப் படங்கள் இன்றும் மனத்தை ஈர்க்கின்றன. அவ்வளவு நேரம் அசையாதிருக்கும் பொறுமையை அந்நியர் ஒருவரிடம் எதிர்பார்ப்பது எளிதன்று. அவருக்கு அதைக் கொடுத்தவர்களுள் மிகப் பலர் வீட்டாரும் அயலாருமே.

1875இல் கமரூன் தம்பதியர் இலங்கைக்குக் குடிபெயர்ந்தனர். ஈதரின் கொதிநிலை ஏறத்தாழ 35 பாகை செல்சியஸ் மட்டுமே என்பதால், அவர்கள் வாழ்ந்த களுத்துறையின் கரையோர வெக்கையில் தகட்டின் ஈரம் இங்கிலாந்திலிருந்ததைவிட மிக விரைவாகக் காய்ந்திருக்கும். நிழற்படத் தாளும் இரசாயனப் பொருட்களும் கடல்கடந்து வரவேண்டியிருந்தன. 1877இல் வந்து தங்கிய தாவர ஓவியர் மரியான் நோர்த்தைத் தவிர, இங்கே அவர் எடுத்தவற்றுள் பெரும்பாலானவை தோட்டத் தொழிலாளரின், வேலைக்காரரின், அயல் கிராமத்தவரின் படங்கள். அவற்றுள் முப்பதுக்கும் குறைவானவையே இன்று எஞ்சியுள்ளன. 1879இல் அவர் மலைநாட்டில் காலமாகி பொகவந்தலாவையில் அடக்கம் செய்யப்பட்டார். இலங்கையில் எடுத்த அந்தப் படங்களிலுள்ள மனிதர்களின் தோல், நேரில் இருந்திருக்கக்கூடியதைவிடக் கறுத்துத் தோன்றுவதற்குக் காரணம் தகட்டின் வேதியியலில் இருக்கிறது. கொலோடியன் தகடு நீல ஒளியையும் கண்ணுக்குப் புலனாகாத ஊதாகடந்த கதிர்களையும் மட்டுமே உணரும்; சிவப்பும் மஞ்சளும் அதற்கு இருட்டு. தோலுக்கு நிறம் தரும் மெலனின் என்னும் நிறப்பொருளோ அந்த நீலத்தையும் ஊதாவையுமே மிகுதியாக உறிஞ்சிக்கொண்டு சிவப்பை அதிகமாகத் திருப்பியனுப்புகிறது. செம்பழுப்புத் தோலின் ஒளிர்வில் பெரும்பகுதி அந்தத் தகடு காணமுடியாத அலைநீளங்களில் இருந்தது. சாயங்களைச் சேர்த்துத் தகட்டின் பார்வையைப் பச்சை வரை நீட்டும் வழியை ஹேர்மன் வில்ஹெல்ம் ஃபோகல் 1873இல் பெர்லினில் கண்டுபிடித்தார். சிவப்பையும் முழுமையாக உணரும் தகடுகள் விற்பனைக்கு வர 1906 ஆயிற்று.

வர்ணப் பிலிம் வந்த பின்பும் இந்தக் குறை நீங்கவில்லை என்பதே வருந்தத்தக்கது. 1950களிலிருந்து கொடக் நிறுவனம் ஆய்வுகூடங்களுக்கு அனுப்பிவந்த வர்ண அளவுகோல் அட்டையில், ஷெர்லி என்று பொதுப்பெயரிட்டு அழைக்கப்பட்ட வெள்ளைத் தோல் பெண்ணொருவரின் படம் இருந்தது. அவருடைய தோல் சரியாகத் தெரியும்வரை இயந்திரம் திருத்தப்பட்டது. வெள்ளைத் தோல் பிள்ளைகளோடு ஒரே படத்தில் அமர்ந்த கறுத்த பிள்ளையின் முகத்தில் கண்ணும் பல்லும் மட்டுமே தெரிந்தமைக்கு இதுவே ஒரு காரணம். கனடிய ஆய்வாளர் லோர்னா ரொத் 2009இல் வெளியிட்ட கட்டுரையின்படி, கபில நிறங்களைப் பிலிம் நுணுக்கமாகக் காட்டவேண்டுமென்று வற்புறுத்தியவர்களுள் சொக்லேற் நிறுவனங்களும் மரத் தளபாட விளம்பரதாரர்களும் முக்கியமானவர்கள். கோடிக்கணக்கான மனிதரின் முகங்களால் நிகழாத திருத்தத்தை விற்பனைப் பொருட்கள் நிகழ்த்தின. சமூகவியலாளர் எல்லிஸ் மொங்க் வகுத்த பத்துப் படித் தோல்நிற அளவுகோலைக் கூகுள் நிறுவனம் 2022இல் ஏற்றுக்கொண்டது.

ஆயினும் கமெராவின் ஒளியளவி, அதாவது விழும் வெளிச்சத்தைக் கணித்து எவ்வளவு நேரம் ஒளியை உள்ளே விடுவது என்று தீர்மானிக்கும் பகுதி, இன்றும் அடிப்படையில் ஓர் அனுமானத்தோடுதான் இயங்குகிறது: தனக்கு முன்னிருக்கும் காட்சி சராசரியாக நடுத்தரச் சாம்பல் நிறம் கொண்டது என்பதே அது. புதிய கைத்தொலைபேசிகள் முகத்தைக் கண்டறிந்து இதனைத் திருத்த முயன்றாலும், வெள்ளைச் சேலை உடுத்த மூதாட்டியையோ வெண்மணலையும் கடல்வானையும் பின்னணியாகக் கொண்ட மீனவரையோ எடுக்கும்போது, வெண்மையைச் சாம்பலாக்கும் பொருட்டு கமெரா ஒளியைக் குறைத்துவிட, முகம் இருண்டுபோகிறது. திரையில் முகத்தின் மேல் விரலை வைத்து, ஒளியைச் சற்று உயர்த்தினால் போதும். பின்னாலுள்ள வானம் வெளுத்துப் போவதைப் பொறுத்துக்கொள்ளலாம், ஏனெனில் படம் வானத்துக்காக எடுக்கப்படவில்லை.

ஒளியைப் பொறுத்தவரை திருக்கோவிலுக்கு அதன் புவியியலே ஒரு வரமும் ஒரு தடையுமாகும். ஏழு பாகை வட அகலக்கோட்டை ஒட்டியிருப்பதால், ஏப்பிரல் மாத முதற் பகுதியிலும் செப்டெம்பர் தொடக்கத்திலும் நண்பகற் சூரியன் நேரே தலைக்கு மேல் நிற்கிறது. ஏனைய மாதங்களிலும் உச்சியிலிருந்து முப்பது பாகைக்கு மேல் விலகுவது அரிது. மேலிருந்து விழும் அந்த ஒளியில் புருவ எலும்பு கண்குழிகளை மறைத்து, மூக்கின் நிழலை உதட்டின் மேல் எறிகிறது. அத்துடன், வானில் சூரியன் அடைத்துக்கொள்ளும் அகலம் அரைப் பாகை மட்டுமே என்பதால் அதன் நிழல்களின் விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் கூர்மையாக விழுகிறது. ஒளி வரும் பரப்பு, ஒளி விழும் பொருளிலிருந்து பார்க்கையில் எவ்வளவு அகலமாகத் தெரிகிறதோ அவ்வளவுக்கு நிழல் மென்மையடையும்: ஒரு மீற்றர் அகலமான யன்னலிலிருந்து ஒன்றரை மீற்றர் தள்ளி அமர்ந்திருப்பவருக்கு அந்த யன்னல் ஏறத்தாழ முப்பத்தேழு பாகை அகலத்தில் தெரிகிறது, அதாவது சூரியனைப் போல் எழுபது மடங்குக்கும் மேல். வாடைக்காற்றோடு மழை வரும் மார்கழி, தை மாதங்களில் முகில் மூடிய வானம் முழுவதுமே ஒளி தரும் பரப்பாகிவிடுவதால், வெயில் காலத்தில் கடினமாகத் தெரிந்த முகங்கள் அப்போது வெளியிலேயே மென்மையாகப் பதிவாகின்றன.

கிழக்குக் கரையின் தனிச் சிறப்பு பிற்பகலில் வெளிப்படுகிறது. கடலை நோக்கிய விறாந்தை காலையில் நேர்வெயிலைப் பெறும்; நண்பகல் கடந்ததும் சூரியன் மேற்கே சாய, வீடே தன் விறாந்தையின் மேல் நிழல் விரிக்கிறது. அப்போது விறாந்தையில் அமர்ந்திருப்பவருக்கு முன்னால், மரமோ மதிலோ மறைக்காத கிழக்கு வானம் பெரும் ஒளிப்பரப்பாக நிற்க, மேற்குச் சூரியன் பட்டு வெளுத்த கடல்மேல் முகில்கள் அதற்கு மேலும் வலுவூட்ட, முற்றத்து மணல் கீழிருந்து ஒளியைத் திருப்பியனுப்பித் தாடைக்கடியிலுள்ள நிழலைத் தளர்த்துகிறது. பெரு நகர ஸ்டூடியோக்கள் குடைகளும் துணித்திரைகளும் கொண்டு அமைக்க முயல்வது இந்த ஒளியையே. கொழும்பின் மேற்குக் கரையில் இதனைப் பெற அதிகாலையில் எழவேண்டும், திருக்கோவிலில் வேலை முடிந்து தேநீர் குடிக்கும் நேரமே போதும். நிழலில் எஞ்சுவது நீலவானின் ஒளி என்பதால் தோல் சற்று நீலம் பாயக்கூடும். வாழைக்கும் தென்னைக்கும் அடியில் அமர்ந்தால் இலைகளூடு வரும் பச்சை முகத்தில் படியும். முன்னதைக் கமெராவின் வெண்மைச் சமநிலை, அதாவது ஒளியின் நிறத்தை ஈடுசெய்யும் அமைப்பு, எளிதில் திருத்திவிடும். பின்னதைத் திருத்துவது கடினம், ஆகவே நாற்காலியை இரண்டு அடி வெளியே இழுப்பதே நல்லது.

தூரத்தைப் பற்றிய தவறான எண்ணங்கள் ஒளியைப் பற்றியவற்றைவிட அதிகம். முகத்தின் வடிவத்தைப் படத்தில் தீர்மானிப்பது வில்லை அன்று, கமெரா எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதே. மூக்கு நுனிக்கும் காதுக்கும் இடையே ஏறத்தாழப் பன்னிரண்டு சென்ரிமீற்றர் இருப்பதாகக் கொண்டால், முப்பது சென்ரிமீற்றரில் பிடித்த கைத்தொலைபேசிக்குக் காது நாற்பத்திரண்டு சென்ரிமீற்றர் தொலைவிலிருக்க, மூக்கு காதோடு ஒப்பிடுகையில் நாற்பது வீதம் பெரிதாகப் பதிவாகிறது. ஒன்றரை மீற்றரில் அந்த மிகை எட்டு வீதமாகக் குறைந்துவிடுகிறது. அமெரிக்க முகச் சத்திரசிகிச்சை நிபுணர் போறிஸ் பாஸ்கோவரும் அவருடைய குழுவினரும் 2018இல் வெளியிட்ட கணிப்பின்படி, முப்பது சென்ரிமீற்றரில் எடுத்த தற்படத்தில் மூக்கு ஒன்றரை மீற்றர்ப் படத்திலிருப்பதைவிட முப்பது வீதம் அகன்று தெரிகிறது. அதைக் கண்டு மூக்கைத் திருத்தச் சத்திரசிகிச்சை கேட்டு வந்தோர் இருந்தமையே அந்தக் கணிப்புக்குத் தூண்டுகோலாயிற்று. 2012இல் கலிபோர்னியாத் தொழில்நுட்ப நிறுவனத்தினர் செய்த பரிசோதனைகளில், நாற்பத்தைந்து சென்ரிமீற்றரில் எடுத்த முகங்கள், அதே முகங்களை ஒன்றேகால் மீற்றருக்குச் சற்று அப்பாலிருந்து எடுத்த படங்களைவிட நம்பகத்தன்மை குறைந்தவையாக மதிப்பிடப்பட்டன. வீட்டாரின் முகத்தை மனிதர் வாழ்நாளெல்லாம் பார்ப்பது விறாந்தையில் எதிரெதிரே அமர்ந்து பேசும் தூரத்திலிருந்தே என்பதால், அதே தூரத்தில் எழுந்து நின்று, தேவைப்பட்டால் கைத்தொலைபேசியின் இரண்டு மடங்கு வில்லையைத் தெரிந்து எடுக்கும் படம் பழகிய முகமாகவே அமைகிறது.

பெருநாளிலும் கோயில் திருவிழாவிலும் எடுக்கப்படும் குடும்பப் படத்தில் எவராவது ஒருவர் கண்ணை மூடியிருப்பதற்குக்கூடக் கணக்கு உண்டு. அவுஸ்திரேலிய ஆய்வு நிறுவனம் ஒன்றைச் சேர்ந்த பியர்ஸ் பார்ன்ஸ், நிக் ஸ்வென்சன் ஆகியோர் இதனைக் கணித்து 2006இல் இக் நோபல் பரிசு பெற்றனர். படமெடுக்கப்படும்போது ஒருவர் நிமிடத்துக்குப் பத்து முறை இமைக்கிறார், ஒவ்வோர் இமைப்பும் கால் செக்கன் நீடிக்கிறது என்று கொண்டால், எந்தக் கணத்திலும் ஒருவர் கண்மூடியிருக்கும் வாய்ப்பு நான்கு வீதம். பதினைந்து பேர் நிற்கும் படத்தில் அனைவரும் கண்திறந்திருக்கும் வாய்ப்போ பாதியளவுதான். நல்ல வெளிச்சத்தில், இருபதுக்குக் குறைந்த கூட்டத்துக்கு ஆள்தொகையை மூன்றால் வகுத்துக் கிடைக்கும் எண்ணிக்கையில் படங்கள் எடுக்கவேண்டும் என்பது அவர்கள் தந்த எளிய விதி. பதினைந்து பேருக்கு ஐந்து படம்.

விலங்குகளிடம் இந்த விதிகள் பலவும் மாறுகின்றன. 2015இல் மார்ட்டின் பாங்க்ஸ் தலைமையிலான குழுவினர் தரைவாழ் விலங்குகள் 214 இனங்களின் கண்மணி வடிவத்தை ஆராய்ந்தனர். ஆடு முதலிய மேய்ச்சல் விலங்குகளின் கண்மணி கிடையான பிளவாக இருப்பது, தரையோரமாக அகன்ற காட்சியைப் பெற்று, பகை வரும் திசையை அறிய உதவுகிறது. புல் மேயத் தலையைக் குனிந்தாலும் கண்கோளம் சுழன்று அந்தப் பிளவைத் தரைக்குச் சமாந்தரமாகவே வைத்திருக்கிறது என்பதை முற்றத்து ஆட்டிடம் எவரும் கண்டுகொள்ளலாம். பதுங்கிப் பாயும் பூனைக்கோ அது நிலைக்குத்தான பிளவு. மனிதக் கண்மணியின் பரப்பு பதினைந்து மடங்கு விரிந்து சுருங்கக்கூடியதாயிருக்க, பூனையினது 135 மடங்கு மாறக்கூடியது. வெயிலில் பூனையின் முகம் கடுமையாகத் தெரிவதும் விறாந்தை நிழலில் கனிந்து தெரிவதும் இதனாலேயே. கல்முனை, அக்கரைப்பற்றுப் பகுதிகளின் முஸ்லிம் வீடுகளில் உரிமையோடு உலவும் பூனைகளை எடுக்க மாலை நிழலைவிடச் சிறந்த நேரமில்லை. இரவில் மின்னொளி பாய்ச்சி எடுத்தால், பூனை, நாய், மாடு, ஆடு ஆகியவற்றின் விழித்திரைக்குப் பின்னாலுள்ள ஒளிதெறிக்கும் படலம் அந்த ஒளியை நேரே திருப்பியனுப்பிவிட, கண் இருக்கவேண்டிய இடத்தில் பச்சை நெருப்பே எஞ்சும்.

நாயைப் பற்றி ஜூலியானே காமின்ஸ்கியின் குழுவினர் 2017இல் கண்டறிந்தது குறிப்பிடத்தக்கது: தன்னை நோக்கி ஒரு மனிதர் நிற்கும்போது நாயின் முகத்தில் பாவங்கள் அதிகமாகின்றன, அவர் முதுகைத் திருப்பினால் குறைகின்றன. ஆகவே நாயின் முகபாவம் பெருமளவுக்கு ஒருவரை நோக்கியது. கைத்தொலைபேசியால் தன் முகத்தை மறைத்துக்கொள்பவர் அந்தப் பாவத்துக்குரிய ஆளையே அகற்றிவிடுகிறார். நாயின் கண்மட்டத்துக்குத் தரையில் அமர்ந்து, கருவியை மார்பளவில் வைத்து, தன் பார்வையை நாயின் கண்களோடு பொருத்தியபடி எடுப்பதே தகும். கறுப்பு நாய்க்கும் கறுப்பு ஆட்டுக்கும் ஒளியளவி வெள்ளைச் சேலைக்குச் செய்ததன் எதிர்மாறான தவறைச் செய்து அவற்றைச் சாம்பலாக்கும் என்பதால், இங்கே ஒளியைக் குறைக்கவேண்டும். பின்னணியைக் கணிப்பால் மங்கச்செய்யும் முகப்பட முறையை விலங்குகளுக்குப் பயன்படுத்தாதிருப்பது நலம். சில மில்லிமீற்றரே அகலமுள்ள கைத்தொலைபேசித் துவாரம் இயல்பாகத் தரமுடியாத மங்கலை அது தூர அனுமானத்தால் செய்துகாட்டுவதால், மீசை மயிரும் காதோர உரோமமும் பின்னணியோடு சேர்ந்து அழிந்துபோகின்றன.

வீட்டார் எடுக்கும் படத்துக்கு வாய்க்கும் இன்னொரு அனுகூலம் அனுமதியாகும். அந்நிய ஆடவர் முன் அமர விரும்பாத மூத்தம்மாவின் முகம், அவருடைய பேத்தியின் கைத்தொலைபேசியில் தவிர வேறெங்கும் பதிவாக வழியில்லை. அந்தப் படம் வீட்டுக்குள்ளேயே இருக்கும் என்ற நம்பிக்கையும் அந்த முகத்தில் தெரிகிறது. ஆகையால் அதனை வெளியே பகிரும்முன் அவரிடம் கேட்பது, ஒளியையும் தூரத்தையும் போலவே படமெடுப்பின் ஓர் அங்கமாகும்.

இத்தனை கவனத்தோடு எடுத்த படங்கள் எஞ்சியிருக்க வேண்டுமே என்ற கேள்வி இந்தக் கரையில் மற்றெங்கும்விடக் கூர்மையாக எழுகிறது. 2004 டிசெம்பர் 26ஆம் திகதி எழுந்த ஆழிப்பேரலையில் இலங்கையில் மிகுதியான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டமே; பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் இங்கே மாண்டனர். வீடுகளோடு அல்பங்களும் போயின. இறந்தவரின் முகம் எந்தத் தாளிலும் எஞ்சாத குடும்பங்களுக்கு அந்த இழப்பு இரண்டாவது முறையும் நேர்ந்தது. ஒளிப்படத் தாளின் மேற்பரப்பு ஜெலற்றின் என்னும் விலங்குப் புரதத்தாலானது. நீரில் ஊறினால் அது வீங்கி இளகி, அருகிலுள்ள படத்தோடு ஒட்டிக்கொள்கிறது, சில நாட்களில் பக்ரீரியாக்கள் அதனை உண்ணத் தொடங்கியதும் படத்திலுள்ள சாயங்கள் ஓரங்களிலிருந்து கரைந்து வெளுக்கின்றன. நனைந்த படங்களைக் காயவிடாமல், சுத்தமான குளிர்நீரில் ஒவ்வொன்றாகப் பிரித்து அலசி, பின்னர் முகம் மேலே இருக்க நிழலில் உலர்த்தினால் பெரும்பாலானவற்றைக் காப்பாற்றலாம். 2011இன் பேரலைக்குப் பின் ஜப்பானில் தொண்டர்கள் இவ்விதமாகவே இலட்சக்கணக்கான குடும்பப் படங்களைக் கழுவி உரியவர்களிடம் சேர்த்தனர்.

பேரலை இல்லாத ஆண்டுகளிலும் கரையோர ஈரப்பதம் தன் வேலையைச் செய்கிறது. ஈரப்பதம் 65 வீதத்தைத் தாண்டினால் ஜெலற்றினில் பூஞ்சணம் படரத் தொடங்கும். இக்கரையில் அது ஆண்டின் பெரும்பகுதியில் அந்த அளவுக்கு மேலேயே நிற்கிறது. சுவரோடு ஒட்டிய சட்டத்தைச் சற்று முன்தள்ளிக் காற்றோடவிடுவதும், கண்ணாடியில் படம் தொடாமல் இடையே அட்டை வைப்பதும், கைத்தொலைபேசியிலுள்ளவற்றின் பிரதியொன்றை வேறு ஊரிலுள்ள உறவினரிடம் கொடுத்துவைப்பதும் பெருஞ்செலவில்லாத காப்புகள்.

கமரூன் அம்மையார் வைற் தீவில் எடுத்த தம் வேலைக்காரப் பெண் மேரி ஹில்லியரின் பெயர் இன்றும் அறியப்படுகிறது. 1878இல் களுத்துறையில் அவர் எடுத்த மனிதர்கள், ‘களுத்துறைக் கிராமத்தவர் குழு’ என்ற பொருள்படும் தலைப்பின்கீழ், பெயரின்றியே அருங்காட்சியகங்களில் இருக்கின்றனர். அவர்களை அடையாளம் காணக்கூடிய பழகிய கண்கள் ஒரு தலைமுறைக்குள் மறைந்துவிட்டன. நூறு ஆண்டுகளுக்குமுன் எடுத்த தெளிவான படமொன்று பெயரில்லாவிட்டால், ஜென்கின்ஸின் பரிசோதனையிலிருந்த அட்டைகளைப்போல அறியாத முகமாகிவிடும். பழைய நார்த்தாட் படங்களின் பின்புறம் மென்மையான பென்சிலால் ஓரத்தில் எழுதலாம். இக்காலப் பிளாஸ்ரிக் பூச்சுத் தாளில் பென்சில் பற்றாது, குமிழ்ப்பேனாவின் அழுத்தம் முகப்பில் தெரியும் என்பதால், படத்தை வைக்கும் உறையில் எழுதுவது பாதுகாப்பானது. கைத்தொலைபேசிப் படக்கோப்புகளிலும் விளக்கக் குறிப்புக்கென்று இடம் உண்டு. படத்திலுள்ளவரின் பெயர், அவர் யாருடைய மகள் அல்லது மகன் என்பது, ஊர், ஆண்டு, வீட்டுப் பிராணியாயின் அதனை அழைத்த பெயர், இவற்றோடு அந்த வீட்டின் எந்தப் படத்திலும் இடம்பெறாதவராகிய படமெடுத்தவரின் பெயரும் அங்கே எழுதப்பட வேண்டும்.